எண்ணைச் சொன்னால், யார் எண்ணினார்கள் என்பதையும் சொல்லுங்கள்

தமிழில் இரண்டாம் உலகப்போர் பற்றிக் காணொளி செய்வோருக்கும், நூல் எழுதுவோருக்கும், அவற்றைத் திருத்தி வெளியிடும் பதிப்பாசிரியர்களுக்கும்

வணக்கம்.

நாஜி ஆக்கிரமிப்பில் மாண்டுபோன குடிமக்களின் எண்ணிக்கையை நீங்கள் சொல்லும் விதம் பற்றியது இந்த மடல். எழுதுகிறவர்கள், அந்தக் கால ஆவணங்களோடு பழகுகிறவர்கள். உங்கள் நோக்கத்தில் எங்களுக்குக் குறை தெரியவில்லை. எண்களில்தான் தெரிகிறது.

போலந்தில் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் முகாமில் 40 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் என்று ஒருவர் சொல்கிறார். கேட்டுக்கொண்டிருந்த இன்னொருவர், “அந்த எண்ணைப் பொறித்து அங்கே வைத்திருந்த கல்வெட்டையே எடுத்துவிட்டார்களே, இப்போது 11 லட்சம்தான் என்கிறார்களே, அப்படியானால் கொல்லப்பட்ட யூதர்கள் மொத்தம் 60 லட்சம் என்பதும் புளுகுதானே?” என்று மடக்குகிறார். முதலாமவர் வாயடைத்துப் போகிறார். 40 லட்சம் எங்கே பிறந்த எண் என்று அவர் தேடிப் பார்த்திருந்தால் இந்த மடக்கு ஒரு நிமிடம்கூட நிற்காது.

அது 1945 மே மாதம் சோவியத் ஆணையம் வெளியிட்ட எண். உடல்களை எரித்த உலைகள் ஒரு நாளைக்கு எத்தனை உடல்களை எரிக்க வல்லவை, எத்தனை மாதம் இயங்கின என்று பெருக்கி, பழுதுக்கும் ஓய்வுக்கும் கொஞ்சம் கழித்து வந்தது. உலையின் திறன் வேறு, அதில் உண்மையில் எரிந்தது வேறு. முகாம் அருங்காட்சியகத்தின் வரலாற்றாளர் ஃபிரான்சிஷெக் பிப்பர் வேறு வழியில் போனார். எந்த நாட்டிலிருந்து எந்தத் தேதியில் எத்தனை பேரோடு ரயில் வந்தது என்று ஒவ்வொன்றாகக் கூட்டினார். வந்தவர்கள் சுமார் 13 லட்சம். வேறு முகாம்களுக்கு மாற்றப்பட்டவர்கள், விடுவிக்கப்பட்டவர்கள், தப்பியவர்கள், உயிரோடு மீட்கப்பட்டவர்கள் சுமார் 2 லட்சம். மீதி 11 லட்சம். அதில் யூதர்கள் 9,60,000 பேர். போலந்துக்காரர்கள் 70 முதல் 75 ஆயிரம். ரோமா மக்கள் 21,000. சோவியத் போர்க்கைதிகள் 15,000.

மடக்குகிறவர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்த 40 லட்சத்தை வைத்து 60 லட்சம் என்ற மொத்தத்தை யாரும் கட்டவில்லை. 1961-லேயே வரலாற்றாளர் ரவுல் ஹில்பெர்க் ஆஷ்விட்ஸில் 10 லட்சம் யூதர்கள் என்றும், மொத்தம் 51 லட்சம் என்றும் கணக்கிட்டிருந்தார். 1991-இல் வரலாற்றாளர் வொல்ஃப்காங் பென்ஸ் தலைமையிலான குழு நாடு நாடாகப் பார்த்து, 53 லட்சத்திலிருந்து 60 லட்சத்துக்குச் சற்று மேல் வரை என்று வரம்பிட்டது. போருக்கு முந்தைய யூத மக்கள்தொகை, போருக்குப் பிந்தையது, குடிபெயர்ந்தவர்கள், நாடுகடத்தல் பட்டியல்கள் ஆகியவைதான் இந்தக் கணக்குகளின் அடித்தளம். கல்வெட்டு எடுக்கப்பட்ட 1990-க்கு வெகுகாலம் முன்பே மேற்குலக ஆய்வாளர்கள் அந்தக் கல்வெட்டு எண்ணைக் கைவிட்டிருந்தார்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான். எந்த எண்ணையும் தனியே விடாதீர்கள். எண்ணியவர் யார், எந்தத் தேதி வரை, எந்த எல்லைக்குள், யாரைச் சேர்த்து, எந்த வழியில் என்பதையும் கூடவே சொல்லுங்கள். இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்பதற்குத்தான் இனி வருவதெல்லாம்.

கொலைகாரர்களே எழுதிவைத்த கணக்கிலிருந்து தொடங்கலாம். சோவியத் ஒன்றியத்துக்குள் நுழைந்த ஜெர்மன் ராணுவத்தின் பின்னாலேயே போன நடமாடும் கொலைப்படைகளை ‘ஐன்சாட்ஸ்குருப்பன்’ என்பார்கள். அவற்றில் ஒரு பிரிவின் தலைவன் கார்ல் ஜேகர், 1941 டிசம்பர் 1 அன்று லித்துவேனியாவின் கௌனாஸ் நகரிலிருந்து ஓர் அறிக்கை அனுப்பினான். ஐந்து படிகள் தட்டச்சானதில் நான்காவது படி மட்டும் பிழைத்து, சோவியத் கையில் சிக்கி, 1963-இல் மேற்கு ஜெர்மனியின் புலனாய்வு அலுவலகத்துக்கு வந்துசேர்ந்தது. தேதி, ஊர், யூத ஆண்கள், யூதப் பெண்கள், யூதக் குழந்தைகள், கூட்டுத்தொகை என்று வரிசை வரிசையாகப் போகிறது. 1941 அக்டோபர் 29, கௌனாஸ்: ஆண்கள் 2,007, பெண்கள் 2,920, குழந்தைகள் 4,273, ஆக 9,200. ஒரே நாள். தொடக்கத்து வரிகளில் பெரும்பாலும் ஆண்கள்தான். ஆகஸ்ட் நடுவிலிருந்து பெண்களும் குழந்தைகளும் பெருகுகிறார்கள். ‘எதிர்ப்பாளர்களைச் சுடுவது’ என்ற சாக்கு எந்த வாரத்தில் கழன்று விழுந்தது என்பதை அந்த வரிகளே காட்டிக்கொடுக்கின்றன.

கடைசியில் நிற்கும் மொத்தம் 1,37,346. இதை ‘லித்துவேனியாவில் 1,37,346 யூதர்கள்’ என்று எடுத்தாள்கிறவர்கள் உண்டு. அந்த ஒரு வாக்கியத்தில் மூன்று பிழைகள். ஒன்று, எல்லோரும் யூதர்கள் அல்லர். கம்யூனிஸ்டுகள், போலந்துக்காரர்கள், மனநோயாளிகள் எனப் பிறரும் வரிகளுக்குள் இருக்கிறார்கள். 1941 ஆகஸ்டு 22-ஆம் தேதி வரியில் மட்டும் மனநோயாளிகள் 544 பேர், அவர்களில் குழந்தைகள் 48. இரண்டு, எல்லாம் லித்துவேனியாவில் நடக்கவில்லை; லாட்வியாவின் தௌகாவ்பில்ஸும் பெலாரூஸின் மின்ஸ்க் வட்டாரமும் சேர்ந்திருக்கின்றன. மூன்று, ஜேகரின் பிரிவு பொறுப்பேற்கும் முன் உள்ளூர்க் கும்பல்கள் கொன்றவர்கள் என்று 4,000 என முழுமையாக்கிய ஓர் எண் இறுதியில் கூட்டப்பட்டிருக்கிறது. நேர்த்தியாகத் தெரியும் 1,37,346-இன் வயிற்றுக்குள் உத்தேசமான 4,000 ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இவையெல்லாம் சொன்ன பிறகும், அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் மிகப் பெரும்பாலோர் யூதர்கள் என்பது மாறாது. ஆனால் அப்படித்தான் எழுத வேண்டும்: ‘மிகப் பெரும்பாலோர் யூதர்கள்’.

மேலதிகாரியிடம் நல்ல பேர் வாங்க ஜேகர் கூட்டிச் சொல்லியிருக்க மாட்டானா? நியாயமான கேள்வி. அதைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. நவம்பர் 25-ஆம் தேதி வரியில் பெர்லின், மியூனிக், பிராங்க்ஃபர்ட் நகரங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட 2,934 பேர். 29-ஆம் தேதி வரியில் வியன்னா, பிரெஸ்லாவ் நகரங்களிலிருந்து வந்த 2,000 பேர். இரண்டும் சேர்ந்து 4,934. அந்த ஐந்து நகரங்களிலிருந்து கிளம்பிய ஐந்து ரயில்களுக்கும் தனியே பட்டியல்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஆயிரம் பேர். ஏற்றியவனின் கணக்கும் சுட்டவனின் கணக்கும், ஒன்றையொன்று பார்த்து எழுதப்படாதவை, பொருந்திவருகின்றன. ஆவணத்தை நம்புவது என்றால் இப்படித்தான்.

கீவ் நகரத்துப் பள்ளத்தாக்கான பாபி யாருக்கு இரண்டு எண்கள் புழங்குகின்றன: 33,771 என்றும், ஒரு லட்சம் என்றும். ஒன்று சரியென்றால் மற்றது பொய் என்று நினைப்பவர்களே அதிகம். முதல் எண், கொலைப்படைகளின் செயல்களைத் தொகுத்து பெர்லினில் வெளியான நிலவர அறிக்கைகளில் 1941 அக்டோபர் 2 தேதியிட்ட 101-ஆம் எண் அறிக்கையில் இருக்கிறது. செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டு நாட்கள், யூதர்கள் மட்டும். இரண்டாவது எண் அந்தப் பள்ளத்தாக்கின் இரண்டாண்டுக் கணக்கு. அதன்பின் அங்கே ரோமா மக்களும், மனநல மருத்துவமனை நோயாளிகளும், போர்க்கைதிகளும், உக்ரைனியத் தேசியவாதிகளும் சுடப்பட்டார்கள். முன்னது கொன்றவன் எழுதியது, பின்னது பின்னால் மதிப்பிட்டது. எடை வேறு என்றாலும் இரண்டும் மோதுவதில்லை. தேதியைச் சேர்த்துச் சொன்னாலே குழப்பம் போய்விடும்.

அந்த நிலவர அறிக்கைகள் 1941 ஜூன் முதல் 1942 ஏப்ரல் வரை 195 வெளிவந்தன. பெர்லினில் அமெரிக்கர்களின் கையில் சிக்கிய இவற்றை வைத்துத்தான் 1947-இல் பெஞ்சமின் ஃபெரென்ஸ் கொலைப்படைத் தலைவர்கள்மீது வழக்கு நடத்தினார். ஆனால் இவற்றை வெறுமனே கூட்டாதீர்கள். ஓர் அறிக்கையில் அன்றைய எண் இருக்கும். இன்னொன்றில் அதுவரையிலான மொத்தம் இருக்கும். இரண்டையும் கூட்டினால் செத்தவரை இரண்டாம் முறை சாகடிப்பதாகும். மறுபக்கம், காவல் படையணிகள், ராணுவப் பிரிவுகள், ஒதெசாவில் ருமேனியர்கள் செய்த கொலைகள் பெரும்பாலும் இவற்றுக்குள் வருவதில்லை. அதிகமாவதற்கும் குறைவதற்கும் ஒரே ஆவணத்தில் வழி இருக்கிறது.

எண்ணில் ஓர் இலக்கம் விழுந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு ஹோஃப்லெ தந்தியைவிட நல்ல பாடம் கிடையாது. 1943 ஜனவரி 11 அன்று போலந்தின் லூப்ளினிலிருந்து, நாஜிக் கட்சியின் ஆயுதப்படையான எஸ்.எஸ். அமைப்பின் அதிகாரி ஹெர்மன் ஹோஃப்லெ அனுப்பிய ரகசிய வானொலித் தந்தியைப் பிரிட்டிஷார் ஒட்டுக்கேட்டுக் குறியீடு உடைத்து வைத்திருந்தார்கள். என்ன அது என்று அவர்களுக்கே புரியவில்லை. கோப்பு 2000-இல் கண்ணில் பட்டு, 2001-இல் பீட்டர் விட்டேயும் ஸ்டீபன் டயாஸும் வெளியிட்டார்கள். 1942 டிசம்பர் 31 வரை வந்துசேர்ந்தவர்கள் என்று நான்கு எழுத்துகளுக்கு எதிரே நான்கு எண்கள். எல் 24,733. பி 4,34,508. எஸ் 1,01,370. டி 71,355. மொத்தம் 12,74,166. எழுத்துகள் லூப்ளின் முகாமையும் பெல்செட்ஸ், சோபிபோர், திரெப்ளிங்கா கொலைமுகாம்களையும் குறிக்கின்றன.

கூட்டிப் பாருங்கள். 6,31,966 தான் வரும். மொத்தம் ஒத்துவரவில்லை. திரெப்ளிங்காவின் எண்ணை 7,13,555 என்று கொண்டால் இம்மிகூடப் பிசகாமல் 12,74,166 வருகிறது. ஒரு 5 எங்கோ தவறிவிட்டது. இது ஊகம் என்று எவராவது சொன்னால், எஸ்.எஸ்.ஸின் புள்ளிவிவர ஆய்வாளர் ரிஷார்ட் கோர்ஹெர் 1943-இல் எஸ்.எஸ். தலைவர் ஹிம்லருக்குத் தயாரித்த அறிக்கையை எடுத்துக் காட்டுங்கள். போலந்தின் பொது ஆளுகைப் பகுதி முகாம்கள் வழியே ‘கடத்திவிடப்பட்டவர்கள்’ என்று அதே 12,74,166 அங்கே இருக்கிறது. இன்னொன்றும் அதில் உண்டு: கொலையைக் குறிக்க ‘சிறப்புக் கவனிப்பு’ என்று கோர்ஹெர் எழுதியிருந்ததை மாற்றும்படி ஹிம்லரின் அலுவலகம் 1943 ஏப்ரலில் கடிதம் போட்டது. மங்கலச் சொல்லே அம்பலமாகிவிட்டதால் அதற்கும் ஒரு மங்கலச் சொல் தேவைப்பட்டது.

பெல்செட்ஸுக்கு அதுவரை 6 லட்சம் என்பதுதான் வழக்கத்தில் இருந்த மதிப்பீடு. தந்தி வந்தபின் ஆய்வாளர்கள் அதைச் சுமார் நான்கரை லட்சம் அளவுக்கு இறக்கினார்கள். முணுமுணுப்பு எழவில்லை. தமிழில் இன்னும் 6 லட்சம் என்று எழுதுகிறவர்கள், 2001-க்கு முந்தைய நூல் ஒன்றைத்தான் கையில் வைத்திருக்கிறீர்கள்.

சோவியத் ஆவணங்களுக்கு வேறு வகையான கவனம் வேண்டும். 1942 நவம்பர் 2 அன்று அமைக்கப்பட்ட அதிவிசேட அரசு ஆணையம் ஊர் ஊராகப் போய் சுமார் 54 ஆயிரம் அறிக்கைகளும் இரண்டரை லட்சம் வாக்குமூலங்களும் திரட்டியது. கிராம அளவில் இவை பொன். ஊரின் பெயர், செத்தவர் பெயர், வயது, எந்த வீடு என்று எழுதிவைத்த தாள்கள் ஏராளம். வட்டம், மாவட்டம், குடியரசு என்று மேலே ஏற ஏறத்தான் எண் வீங்குகிறது. குழியின் நீளம், அகலம், ஆழம் அளந்து, ஒரு கனமீட்டருக்கு இத்தனை உடல் என்று பெருக்கினால், குழி முழுதும் ஒரே அடர்த்தியில் நிரம்பியிருப்பதாக முன்கூட்டியே நம்பிவிடுகிறோம். மேல் மண் எவ்வளவு, இடையில் எத்தனை மண் அடுக்கு, எரித்த சாம்பலா முழு உடலா என்பது எதுவும் அந்தப் பெருக்கலுக்குத் தெரியாது.

மைதானெக் முகாம் இதன் உச்சம். 1944-இல் சோவியத்-போலந்து ஆணையம் 15 லட்சம் என்றது. 1992-இல் செஸ்லாவ் ராய்ட்சா 2,35,000 என்றார். 2005-இல் முகாம் அருங்காட்சியகத்தின் தோமாஷ் கிரான்ஸ் 78,000 என்று கண்டார். அதில் யூதர்கள் 59,000. இருபதில் ஒரு பங்காக இறங்கிய எண். இறக்கியவர்கள் யாரென்று பாருங்கள்: அந்த முகாமின் நினைவைக் காத்துவரும் நிறுவனத்தின் ஆய்வாளர்களே.

அதிவிசேட அரசு ஆணையம் வேண்டுமென்றே பொய்யும் சொல்லியிருக்கிறது. கத்தின் காட்டில் 1940-இல் போலந்து அதிகாரிகளைச் சுட்டது சோவியத் ரகசியக் காவல்துறை. 1944 ஜனவரியில் புர்தென்கோ தலைமையிலான குழு பழியை ஜெர்மானியர்மேல் போட்டது. போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றத்தில் 11,000 பேர் என்று குற்றச்சாட்டாகவே வைத்தார்கள். சாட்சியம் தேறவில்லை, தீர்ப்பில் கத்தின் என்ற பேச்சே இல்லை. 1990 ஏப்ரல் 13 அன்று மாஸ்கோ உண்மையை ஒப்புக்கொண்டது. அதே நியூரம்பெர்க் நீதிமன்றத்தை ‘வென்றவர்கள் தந்ததையெல்லாம் விழுங்கிய நீதிமன்றம்’ என்று எள்ளுகிறவர்களுக்கு இந்த ஒரு விடுபடலே போதுமான பதில். தமிழ் எழுத்தில் இங்கே ஒரு வழுக்கல் உண்டு: பெலாரூஸில் 1943 மார்ச் 22 அன்று 149 பேர், அவர்களில் 75 குழந்தைகள், எரித்தும் சுட்டும் கொல்லப்பட்ட ஹத்தின் கிராமம் வேறு ஊர், வேறு கொலைகாரர்கள். இரண்டையும் ஒரே எழுத்துக்கூட்டலில் அச்சிட்டுவிடாதீர்கள்.

சொல்லை மாற்றி மறைப்பதும் அந்த ஆணையத்தின் வேலையில் உண்டு. பாபி யார் அறிக்கையின் வரைவில் ‘யூதர்கள்’ என்றிருந்தது, 1944 பிப்ரவரியில் வெளியானபோது ‘அமைதியான சோவியத் குடிமக்கள்’ ஆகிவிட்டது. அந்தச் சொற்றொடரை ரஷ்ய மூலத்தில் கண்டால், பின்னே யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை தேடிப்பாருங்கள்.

பழிவாங்கல் கொலைகளில் கணக்கு வேறு மாதிரி வேலை செய்கிறது. அங்கே கொலைகாரனே சூத்திரம் போட்டு வைத்திருக்கிறான். செர்பியாவில் 1941 அக்டோபர் 10 அன்று ஜெனரல் ஃபிரான்ஸ் போமே இட்ட கட்டளை: செத்த ஒரு ஜெர்மானியனுக்கு 100 பேர், காயம்பட்டவனுக்கு 50 பேர். கிராகுயேவாட்ஸ் அருகே 10 பேர் செத்தார்கள், 26 பேர் காயம்பட்டார்கள். 1,000-மும் 1,300-மும் சேர்ந்து 2,300. அக்டோபர் 21 கொலைகளுக்கு ஜெர்மன் தரப்பு சொல்லும் எண்ணும் 2,300 தான். போருக்குப் பின் யூகோஸ்லாவியாவில் பல பத்தாண்டுகளாக 7,000 என்று சொல்லிவந்தார்கள். பெயர் பெயராகச் சேகரித்த உள்ளூர் ஆய்வு 2,800-க்குச் சற்றுக் குறைவாக வந்து நின்றது. சூத்திரத்தைவிட மேலே, அண்டைக் கிராமங்களில் முந்தைய நாட்களில் சுடப்பட்டவர்களும் அதில் சேர்கிறார்கள். பள்ளி மாணவர்களை வகுப்பறையிலிருந்து இழுத்துப்போன நிகழ்வுக்கு 7,000 என்ற மிகை எதற்கு என்றுதான் எங்களுக்குப் புரியவில்லை. பெயர்ப்பட்டியலைவிடப் பெரிய சாட்சி வேறென்ன?

ரோம் நகரத்து அர்தெயாத்தீன் குகைகளில் இந்தச் சூத்திரம் கொலைகாரனையே பிடித்துக்கொடுத்தது. 33 காவலர்கள் செத்ததற்கு ஒன்றுக்குப் பத்து என்று 330 பேர் என்பது கட்டளை. 1944 மார்ச் 24 அன்று கொல்லப்பட்டவர்கள் 335 பேர். ஐந்து பேர் பட்டியலைவிட அதிகமாக வந்துவிட்டார்கள். சாட்சி மிஞ்சக்கூடாதென்று அவர்களையும் சுட்டார்கள். குகை வாயை வெடிவைத்து மூடியிருந்ததைத் திறந்து, தடயவியல் மருத்துவர் அத்திலியோ அஸ்கரெல்லியின் குழு உடல்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடையாளம் கண்டதால்தான் அந்த ஐந்து பேரும் எண்ணப்பட்டார்கள்.

இத்தாலியின் மார்சபோட்டோவுக்கு 1,830 என்று பழைய நூல்கள் சொல்லும். அது மூன்று ஊராட்சிகளில் போர்க்காலத்தில் எல்லாக் காரணத்தாலும் இறந்தவர்களின் தொகை. 1944 செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 5 வரை நடந்த படுகொலையில் இறந்தவர்கள் சுமார் 770. எண் ஏறுவதும் உண்டு. பிரான்சின் ஒராதூர்-சுர்-கிளானில் 1944 ஜூன் 10-க்கு 642 என்பது பல பத்தாண்டு நிலைத்த எண். பட்டியலில் விடுபட்டிருந்த ஓர் அகதிப் பெண்ணின் பெயர் அண்மையில் கண்டுபிடிக்கப்பட்டு 643 ஆனது. செக் நாட்டின் லிடிட்சேவுக்கு 173 என்றும் 340 என்றும் பார்ப்பீர்கள். 173 பேர் 1942 ஜூன் 10 அன்று ஊரிலேயே சுடப்பட்ட ஆண்கள். பிறகு சுடப்பட்ட ஆண்கள், முகாம்களில் இறந்த 60 பெண்கள், 88 குழந்தைகள் சேர்ந்தால் 340. அந்தக் குழந்தைகளில் 82 பேர் போலந்தின் கெல்ம்னோ கொலைமுகாமில் நச்சுப்புகையால் கொல்லப்பட்டவர்கள்.

நாட்டு அளவிலான எண்களுக்கு வருவோம். உங்களுக்கு மிகவும் பிடித்தவை இவைதாம், மிகவும் வழுக்குபவையும் இவைதாம். சோவியத் ஒன்றியத்தின் மொத்த இழப்பு 2.66 கோடி என்பது பிணங்களை எண்ணி வந்ததல்ல; கழித்தலில் வந்தது. 1941 ஜூனில் மக்கள்தொகை 19.67 கோடி என்று மதிப்பிட்டார்கள். 1945 இறுதியில் 17.05 கோடி, அதில் போர் தொடங்கும் முன்பே பிறந்திருந்தவர்கள் 15.95 கோடி. முதலாவதில் கடைசியைக் கழித்தால் 3.72 கோடி பேரைக் காணவில்லை. போர் இல்லாவிட்டாலும் இயல்பாகவே இறந்திருக்கக்கூடிய 1.19 கோடியைக் கழித்து, போர்க்காலத்தில் பிறந்து வழக்கத்துக்கு மேல் இறந்த குழந்தைகள் 0.13 கோடியைக் கூட்டினால் 2.66 கோடி. தொடக்கப் புள்ளியில் சிறு பிசகு இருந்தாலும் விடை பல லட்சம் நகரும். 1937 கணக்கெடுப்பை ஸ்டாலின் முடக்கியதும், 1939-இல் எண் ஊதப்பட்டதும் நினைவிருக்கட்டும்.

அதிலிருந்து படைவீரர்களைக் கழித்து ‘மீதியெல்லாம் நாஜிகள் கொன்ற குடிமக்கள்’ என்று எழுதிவிடுகிறீர்கள். அந்த மீதிக்குள் ஜெர்மானியர் கால்வைக்காத பின்பகுதிகளில் பசியிலும் நோயிலும் போனவர்களும், சோவியத் முகாம்களில் செத்தவர்களும் இருக்கிறார்கள். ரஷ்யா தரும் இன்னொரு எண் 1,36,84,692. ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளுக்கு மட்டுமானது: திட்டமிட்டுக் கொல்லப்பட்டவர்கள் 74,20,379, கட்டாய உழைப்பில் இறந்தவர்கள் 21,64,313, பசி, நோய் முதலியவற்றால் 41,00,000. முதலிரண்டும் ஒற்றை இலக்கம் வரை கூர்மை, மூன்றாவது மொழுமொழுவென்று இருப்பதைக் கவனியுங்கள். கூர்மையாக இருப்பதெல்லாம் துல்லியம் அல்ல. பல்லாயிரம் உள்ளூர் மதிப்பீடுகளைக் கூட்டினால் எந்தக் கூட்டுத்தொகையும் அப்படித்தான் தெரியும். ‘சுமார் 1 கோடியே 37 லட்சம், ரஷ்யத் தரப்பு மதிப்பீடு’ என்று சொல்வதே நேர்மை.

லெனின்கிராடு இதில் சேராது. அந்த நகரம் முற்றுகையிடப்பட்டது, பிடிபடவில்லை. நியூரம்பெர்க்கில் வைக்கப்பட்ட கணக்கு பசியில் 6,32,253, குண்டுவீச்சில் 16,747, ஆக 6,49,000. இங்கே அதிகாரபூர்வ எண்தான் குறைவு. 1941 நவம்பர் 20-லிருந்து ஐந்து வாரம் குழந்தைகளுக்கும் வேலையில்லாதவர்களுக்கும் நாளொன்றுக்கு 125 கிராம் ரொட்டி. பதிவு செய்ய ஆளில்லாமல் போன குடும்பங்கள் எத்தனையோ. இன்றைய ஆய்வாளர்கள் 8 லட்சத்துக்குக் குறையாது என்கிறார்கள்.

யூகோஸ்லாவியாவின் 17 லட்சம் வேறு ஒரு தவறு. அது ‘மக்கள்தொகை இழப்பு’. பிறக்காமலே போன குழந்தைகளும், நாட்டைவிட்டுப் போனவர்களும் அதில் அடக்கம். ‘கொல்லப்பட்டவர்கள்’ என்று அதற்குப் பேர்மாற்றி இழப்பீடு கேட்டார்கள். 1980-களில் கொச்சோவிச் என்ற செர்பியரும் ஜெர்யாவிச் என்ற குரோவாசியரும் தனித்தனியே கணக்கிட்டு 10,14,000 என்றும் 10,27,000 என்றும் வந்தார்கள். இனப்பகை கொதித்துக்கொண்டிருந்த காலத்தில் இரண்டு தரப்புக்காரர்களின் விடை இவ்வளவு அருகில் வருவது அபூர்வம்.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம். ‘உடல்கள் எங்கே?’ என்று கேட்பவர்களுக்கு இரண்டு விடை. முதலாவது, எரித்துவிட்டார்கள். பாபி யாரில் சுட்ட பிரிவின் தலைவனான பால் புளோபெலின் தலைமையிலேயே ‘1005’ என்ற பெயரில் குழிகளைத் தோண்டி உடல்களை எரிக்கும் வேலை நடந்தது; லிவிவ் நகரத்து யானோவ்ஸ்கா முகாமில் எலும்பை அரைக்க இயந்திரமே வைத்தார்கள். இரண்டாவது, எச்சங்கள் இருக்கின்றன. பெல்செட்ஸில் 1997 முதல் 1999 வரை ஆந்திரே கோலாவின் குழு ஐந்து மீட்டருக்கு ஒன்றாகத் துளையிட்டு மண் மாதிரி எடுத்து 33 புதைகுழிகளைக் கண்டது. யூத சமயநெறி கல்லறையைக் கலைக்க ஒப்பாது. அதனால் முழுதாகத் தோண்டவில்லை. திரெப்ளிங்காவில் கரோலின் ஸ்டர்டி கோல்ஸ் நிலத்தை ஊடுருவும் ரேடாரைப் பயன்படுத்தியதும் அதனால்தான். 2014-இல் சோபிபோரில் நச்சுப்புகை அறைகளின் அடித்தளச் சுவர்கள் வெளிப்பட்டன.

ஆனால் இந்தக் குழி அளவுகளை எடுத்து, ‘இத்தனை கனமீட்டரில் இத்தனை பேர் அடங்குவார்களா?’ என்று கணக்குப் போடாதீர்கள். போருக்குப் பின் தங்கப்பல் தேடி உள்ளூர்க்காரர்கள் அந்த மண்ணைக் குடைந்திருக்கிறார்கள். எரித்த சாம்பலும் மணலும் கலந்து எல்லைகள் சரிந்திருக்கின்றன. அகழாய்வு அங்கே குழி இருந்தது, எரிப்பு நடந்தது, கட்டடம் இந்த இடத்தில் நின்றது என்று காட்டும். எத்தனை பேர் என்பதற்கு ரயில்களையும் ஹோஃப்லெ தந்தியையும்தான் கேட்க வேண்டும். நேரில் கண்ட சாட்சிகளும் அப்படியே: பார்த்ததைச் சொல்லும்போது அவர்களுக்கு நிகரில்லை, மொத்தத் தொகையை அவர்களிடம் வாங்காதீர்கள். குழியின் விளிம்பில் நின்றவர் எப்படி எண்ணியிருப்பார்?

படங்கள்தாம் காணொளிக்காரர்கள் அதிகம் சறுக்கும் இடம். பிணக்குவியலை மண்வாரி இயந்திரம் தள்ளும் படத்தை ‘நச்சுப்புகை அறையில் கொல்லப்பட்டவர்கள்’ என்று போடுகிறீர்கள். அது 1945 ஏப்ரலில் மீட்கப்பட்ட பெர்கன்-பெல்சன். இயந்திரத்தை ஓட்டுகிறவர் பிரிட்டிஷ் சிப்பாய். இறந்தவர்கள் பட்டினியாலும் டைஃபஸ் காய்ச்சலாலும் போனவர்கள். அந்த முகாமில் நச்சுப்புகை அறை கிடையாது. குழியோரம் மண்டியிட்டிருப்பவரின் தலைக்குக் குறிவைக்கும் புகழ்பெற்ற படத்துக்கு ‘வின்னித்சா’ என்று நீண்டகாலம் விளக்கம் இருந்தது. அது பெர்திச்சிவ் நகரம், 1941 ஜூலை 28 என்று யூர்கன் மத்தாயுஸ் அண்மையில் நிறுவியிருக்கிறார். ஜெர்மன் ராணுவத்தின் குற்றங்களைக் காட்டிய ஹாம்பர்க் கண்காட்சி 1999-இல் நிறுத்திவைக்கப்பட்டதை அறிவீர்கள். சில படங்களில் கிடந்தவர்கள் சோவியத் ரகசியக் காவல்துறை கொன்றவர்கள் என்று தெரியவந்தது. வரலாற்றாளர் குழு 1,433 படங்களையும் சோதித்தது. அங்கே இருந்திருக்கக் கூடாதவை இருபதுக்கும் குறைவு. ஆனாலும் அந்த இருபதுதான் ஓராண்டு காலம் செய்தியாக ஓடியது.

இனி, செய்யக்கூடியவை. திரையில் ஓர் எண் வந்தால் அதன் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி போதும்: ‘ஜேகர் அறிக்கை, 1941 டிசம்பர் 1 வரை, யூதர் அல்லாதோரும் அடக்கம்’ என்பது போல. வரம்பு இருந்தால் வரம்பாகவே சொல்லுங்கள். போலந்தின் இழப்பு 56 முதல் 58 லட்சம் என்பது ஆய்வு, 60,28,000 என்பது 1947 அரசாங்கத்தின் எண். ஒரே பத்தியில் வேறுவேறு எல்லைகளின் எண்களைக் கூட்டாதீர்கள்: போலந்தின் 1939 எல்லையில் இருந்த யூதர்களைச் சோவியத்தின் 1941 எல்லையிலும் எண்ணியிருப்பார்கள், ஒரே மனிதர் இரண்டு நாட்டுக் கணக்கிலும் வருவார். ‘நாஜிகள் கொன்றது மொத்தம் இத்தனை கோடி’ என்று யாராவது ஒற்றை எண் தந்தால், இந்த இரட்டிப்பைக் கழித்தார்களா என்று முதலில் பாருங்கள்.

தனி மனிதர்களைத் தேட ஜெர்மனியின் பாட் அரோல்சனில் உள்ள ஆவணக்காப்பகத்தின் இணையத் தேடலும், இஸ்ரேலின் நினைவு நிறுவனமான யாத் வாஷேமின் பெயர்த் தரவுத்தளமும் இலவசம். பின்னதில் ஏறத்தாழ 50 லட்சம் பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பதிவுகள் இருக்கலாம் என்பதால் தேடல் விடையின் எண்ணிக்கையை இறந்தவர் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெயர் கிடைக்கவில்லை என்பதும் ஆள் இருந்ததில்லை என்பதற்குச் சான்றாகாது. பெலாரூஸ், உக்ரைன் சிற்றூர்களில் பெயர் சொல்லவே ஒருவரும் மிஞ்சாத குடும்பங்கள் உண்டு.

ஏற்கெனவே வெளியிட்டதில் தவறு தெரிந்தால் சத்தமில்லாமல் நீக்கிவிடாதீர்கள். பழைய எண், புதிய எண், மாற்றிய தேதி, மாற்றியதற்கான ஆவணம் ஆகிய நான்கையும் அதே இடத்தில் எழுதி வையுங்கள். அச்சு நூலானால் அடுத்த பதிப்பின் முன்பக்கத்தில் பிழைதிருத்தம் போடுங்கள். ஆஷ்விட்ஸின் 40 லட்சம், மைதானெக்கின் 15 லட்சம், கிராகுயேவாட்ஸின் 7,000 ஆகிய மூன்றையும் முதலில் தேடித் திருத்தினால், வரும் கேள்விகளில் பாதி அப்போதே அடங்கிவிடும்.

இப்படிக்கு,
போர்க்கால ஆவணங்களைத் தமிழில் வாசிப்போர் சிலர்